முன்பணம் வாங்கிவிட்டேன், காரைக் கொடுக்க மனசு வரவில்லை

கேள்வி:

அண்ணா, லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வயது 41, ஐடி வேலை. 14 வருடமாக ஒரு 1993 மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். 1.6 எஞ்சின், சிவப்பு நிறம், இரண்டே சீட், துணி டாப். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கிளட்ச் சிலிண்டர், ரேடியேட்டர், டாப் எல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்து நானே மாற்றினேன். இப்போது இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. வீட்டு முன்னால் ஒரு கார் நிற்கத்தான் இடம். யூலெஸ் கட்டணம் (அதிகம் புகைவிடும் பழைய வண்டிகளை லண்டனுக்குள் ஓட்டினால் கட்டுவது) வேறு. அதனால் விளம்பரம் கொடுத்தேன். லெஸ்டரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், 4,200 பவுண்டுக்குப் பேசி முடித்தோம், 200 பவுண்டு முன்பணமும் அனுப்பிவிட்டார். தன் வீட்டில் இடம் ஒழிக்க வேண்டும் என்று அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மனைவி "உங்க இஷ்டம்" என்கிறாள். வாட்ஃபோர்டில் இருக்கும் மச்சான் தன் கராஜில் போட்டுக்கொள்ளச் சொன்னார், அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டேன். பணத்துக்கு அவசரம் இல்லை. ஒரு இரும்பு வண்டி மேல் இவ்வளவு பாசம் வைப்பது பைத்தியக்காரத்தனமா? வாக்கு கொடுத்த பிறகு பின்வாங்கலாமா? கார் நம்பரும் நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, பைத்தியக்காரத்தனம் இல்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு பட்டறைக்கு வந்து "அந்தக் காரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். விற்காமல் வைத்திருந்து, கடைசியில் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகைதான் எனக்கு அதிகம் வலிக்கும். அதை மனதில் வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் அடிப்பகுதி நன்றாக இருந்து, மச்சான் கராஜும் உறுதியாகக் கிடைத்தால், விற்காதீர்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் லெஸ்டர்காரருக்கே கொடுத்துவிடுங்கள். எதுவானாலும் இந்த வார இறுதிக்குள் முடிவாகட்டும். அவர் வரவேண்டிய சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரி போன் போட்டு "சாரி" சொல்வது மட்டும் கூடவே கூடாது.

நீங்கள் கொடுத்த நம்பரை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாறு யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதுதான். கடைசி மூன்று சோதனைகளில் மைல் கணக்கு 61,240, 61,905, 62,110. அதாவது ஒரு வருடத்தில் 665 மைல், அதற்கடுத்த வருடத்தில் 205 மைல். 205 மைல் என்றால் ஒரு முழு வருடத்தில் லெஸ்டருக்கு ஒரே ஒரு தடவை போய்த் திரும்பும் தூரம்தான். நீங்கள் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கார் உங்கள் வாழ்க்கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசிச் சோதனையில் ஒரு குறிப்பும் இருக்கிறது: இடது பக்கப் பின் சில் துருப்பிடித்திருக்கிறது, பலம் பெரிதாகக் குறையவில்லை. அந்த வரியை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. மறந்திருக்கலாம். ஆனால் முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

சில் என்பது கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் தகரப் பெட்டி. கூரை இல்லாத காரில் உடம்பின் பாரத்தை நிறையத் தாங்குவது அதுதான். எம்எக்ஸ்-5-ன் முதல் தலைமுறையில் துரு பிடித்தால் முதலில் பிடிப்பது சில்லின் பின் முனையில், பின் சக்கர வளைவுக்குச் சற்று முன்னால். காரணம் இதுதான்: துணி டாப் மேல் விழும் மழை பின்னால் ஒரு ரப்பர் வாய்க்காலில் வழிந்து, சீட் பெல்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துளையில் இறங்கி, ஒரு குழாய் வழியாகக் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். மரத்தடியில் நிற்கும் காரில் இலைத் துணுக்கும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாய் அடைபடும். தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சில் உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்டில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு மிச்ச வேலையைப் பார்த்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்யுங்கள். டாப்பைப் பாதி இறக்கி, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அந்தத் துளையைத் தேடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால், காருக்கு அடியில், சில நொடிகளில் தண்ணீர் சரசரவென்று கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வரவே இல்லையென்றாலோ அடைப்பு இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கழன்றால் தண்ணீர் நேரே உள்ளே போகும். புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் இழை நல்லது. அதை மெல்லச் சுழற்றி விடுங்கள். தண்ணீர் வெளியே வரும்போது அதன் நிறத்தையும் பாருங்கள். கறுப்பாக இலைச்சகதி வந்தால் பரவாயில்லை. செம்பழுப்பாகத் துகளோடு வந்தால் அது உங்கள் காரின் தகரம்.

அடுத்து, காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் போட்டபின் கீழே குனிந்து அந்தப் பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் கணீரென்று சொல்லும், அரித்த இடத்தில் சத்தம் பொத்தென்று அடங்கிவிடும். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் முன்னால் யாரோ துருவை வெட்டி எடுக்காமல் பட்டி பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது படத்தில் வலது பக்கம் பெயின்டின் பளபளப்பு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. அந்த இடத்தில் கூடுதலாக ஒரு நிமிடம் செலவழியுங்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகரம் பலமிழந்திருந்தால் எம்ஓடியில் தேறாது. சில்லின் பின் முனை அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

சில் போயிருந்தால்? வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யலாம். ஆனால் வெளித்தகரத்தோடு நிற்காது, உள் சில்லும் சேரும். ஒரு பக்கத்துக்கே நூற்றுக்கணக்கில் பவுண்டு ஆகும். குழந்தை பிறக்கும் வருடத்தில் அந்த வேலையை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளுவீர்கள், அதற்குள் துரு பரவிவிடும். அப்படியானால் லெஸ்டர்காரரிடம் உள்ளதைச் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுத்துவிடுவதே நியாயம். விளம்பரத்தில் "துரு இல்லை" என்று எழுதியிருந்தீர்களா? எழுதியிருந்தால் சொல்லியே ஆகவேண்டும். தனியார் விற்பனையிலும் கார் விளம்பரத்தில் சொன்னபடி இருக்கவேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல், அதில் உட்கார்ந்து மோட்டார்வேயில் நூறு மைல் ஓட்டிப்போகப் போகிறவர் அவர்.

சில் நன்றாக இருந்தால் பேச்சு மாறுகிறது. நீங்கள் விற்கச் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

யூலெஸ். உங்கள் கார் பழைய பெட்ரோல் வண்டி, யூரோ 4 என்ற புகைத் தரத்துக்கு வராது. அதனால் லண்டனுக்குள் ஓட்டும் நாளுக்கு 12.50 பவுண்டு. ஆனால் ஓட்டும் நாளுக்கு மட்டும்தான். வீட்டு முன்னால் சும்மா நிற்கும் காருக்குக் கட்டணம் கிடையாது. தினமும் பணம் போகிறது என்று நினைத்துக்கொண்டு நல்ல காரை அவசரமாக விற்றவர்களை 2023 ஆகஸ்டில் யூலெஸ் லண்டனின் எல்லா பரோவுக்கும் (நகராட்சிப் பகுதிக்கும்) விரிந்த சமயத்தில் நிறையப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு நாள் ஓட்டினால் வருடத்துக்கு 300 பவுண்டு. சின்னத் தொகை இல்லை, ஆனால் 14 வருட உறவை முறிக்கும் தொகையும் இல்லை.

அந்த 300-ம் மிச்சமாக வழி இருக்கிறது. வாட்ஃபோர்ட் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கிறது, லண்டன் பரோ இல்லை, யூலெஸ் எல்லைக்கு வெளியே. உங்கள் மச்சான் சொன்னதைத் தொந்தரவு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஹாரோ-ஆன்-த-ஹில்லில் மெட்ரோபாலிட்டன் லைன் ஏறினால் வாட்ஃபோர்டில் இறங்கலாம். அங்கிருந்து வடமேற்கே சில்டர்ன்ஸ் மலைப்பக்கம் போகும் கிராமத்துச் சாலைகள் இந்தக் காருக்காகவே போட்ட மாதிரி இருக்கும். செஷம், அமர்ஷம், ட்ரிங் என்று சுற்றிவிட்டு வந்தால் ஒரு பென்னி யூலெஸ் கிடையாது. தெற்கே லண்டன் பக்கம் திரும்பாமல் இருந்தால் போதும். எம்ஓடியையும் வாட்ஃபோர்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை காரைக் கொண்டுபோய் விடும் நாளுக்கு மட்டும் 12.50 கட்ட வேண்டும். ஓட்டிய நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்டலாம். மறந்தால் அபராதம் 180 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 90.

ரோட் டாக்ஸ். 2001-க்கு முந்தைய கார்களுக்கு எஞ்சின் அளவை வைத்துத்தான் வரி. எல்லை 1549 சிசி. உங்களுடையது 1597 சிசி, அதனால் கூடுதல் பக்கத்தில் விழுகிறது, வருடத்துக்கு 350 பவுண்டுக்கு மேல் வரும். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை சாலையில் உப்பு இருக்கும், அந்த மாதங்களில் இந்தக் காரை வெளியே எடுக்கவே வேண்டாம். டிவிஎல்ஏ-வில் (வண்டிப் பதிவு அலுவலகத்தில்) சோர்ன், அதாவது காரைச் சாலையில் எடுக்கவில்லை என்ற அறிவிப்பு, போட்டுவிட்டால் மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்கான வரி திரும்பி வரும். சோர்ன் போட்ட காரைத் தெருவில் நிறுத்தக்கூடாது, தனியார் இடத்தில்தான் நிற்கவேண்டும். அதற்கும் மச்சான் கராஜ் பொருந்துகிறது. 1993-ல் தயாரான கார் என்றால் 2034 ஏப்ரலில் பழம்பெரும் வண்டி வகைக்கு மாற்றலாம். அன்றிலிருந்து ரோட் டாக்ஸும் இல்லை, யூலெஸும் இல்லை. இப்போது பிறக்கப்போகிற குழந்தை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

இன்சூரன்ஸில் கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதை மாற்றிச் சொல்ல மறக்காதீர்கள். மைல் வரம்போடு, காருக்கு ஒத்துக்கொண்ட மதிப்போடு வரும் கிளாசிக் பாலிசிகளைக் கேளுங்கள். வருடத்துக்கு மூவாயிரம் மைலுக்குக் கீழ் ஓட்டுபவருக்குச் சாதாரணப் பாலிசி தேவையில்லை.

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகு உங்களுக்கு உண்மையில் மிஞ்சும் காரணம் இடம் ஒன்றுதான். இடத்துக்கு மச்சான் இருக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். உறவுக்காரர் கராஜ் என்பதால் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடாது. எத்தனை வருடம், மாதம் எவ்வளவு, அவருக்கு இடம் வேண்டும் என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்வார் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம் என்பார். கொடுங்கள். பணம் கொடுத்தால்தான் உங்களுக்கும் உரிமையோடு போய்வர முடியும், அவரும் தன் சைக்கிள், பழைய சோஃபா எல்லாவற்றையும் காரின் மேல் சாய்த்து வைக்க மாட்டார்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஓட்டலாம் என்று மூடி வைக்கும் கார்கள் என்ன ஆகின்றன என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் கெட்டு வார்னிஷ் மாதிரி ஆகிறது. பின் பிரேக் காலிபர் இறுகிப்போகிறது, எம்எக்ஸ்-5-ல் இது வழக்கமான வியாதி. டயர் நின்ற வாக்கில் தட்டையாகிறது. பேட்டரி செத்துப்போகிறது. இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, வாயு வெளியேறக் குழாய் உள்ள மூடிய வகை பேட்டரிதான் போடவேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால் அமிலம் கசிந்து டிக்கித் தகரத்தைத் தின்றுவிடும். இவை எல்லாவற்றுக்கும் மருந்து, மார்ச் முடிந்து அக்டோபர் வரை மாதத்துக்கு ஒரு தடவையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை இருபது முப்பது மைல் ஓட்டுவதுதான். அது முடியாது என்று உங்களுக்கே தோன்றினால் மச்சான் கராஜ் வேண்டாம், காரை ஓட்டப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் ஓட்டுவார் என்றுதான் தெரிகிறது. தன் வீட்டில் இடம் ஒழித்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்பவர் காரை மதிக்கிறவர்.

இப்போது உங்கள் பாசத்துக்கு வருகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காரை எங்கே ஓட்டிப்போனீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கிளட்ச் சிலிண்டர், ரேடியேட்டர், டாப் என்று நீங்கள் கையால் மாற்றியதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். துணி டாப்பை ஒற்றை ஆளாக மாற்றியவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. பின்னால் அந்த ரப்பர் வாய்க்காலைச் சரியாக உட்காரவைத்து நட்டு முறுக்குவதற்குள் தொழில்காரனுக்கே முதுகு போய்விடும். திரையைப் பார்த்தே நாளெல்லாம் வேலை செய்கிற ஒருவருக்கு, தொட்டு, கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, சாவி திருப்பினால் ஓடுகிற ஒரு பொருள் வாழ்க்கையில் இருப்பது சாதாரணமில்லை. நீங்கள் இழக்கப் பயப்படுவது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

இந்தக் காரை அப்படிக் கழற்றி மாட்ட முடிவதும் தற்செயல் இல்லை. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் இது வெளிவந்தபோது பிரிட்டிஷ் பாணிச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் சந்தையிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்தன. தலைமை எஞ்சினியர் தோஷிஹிகோ ஹிராயின் குழு எடை ஆயிரம் கிலோவுக்குள், எஞ்சின் முன்னால், ஓட்டம் பின் சக்கரத்துக்கு, எடை முன்னும் பின்னும் சரிபாதி என்று வைத்துக்கொண்டது. எஞ்சின் மாஸ்டா 323 குடும்பத்திலிருந்து எடுத்தது. பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் மோதாத எஞ்சின் அது. 1997 வரை முதல் தலைமுறை மட்டும் நாலு லட்சத்துக்கு மேல் ஓடிவந்திருக்கிறது. ஹிரோஷிமாவில் கம்பெனியே பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் வேலையை ஆரம்பித்து, டாப் துணி, மர ஸ்டியரிங், 14 அங்குல வீல் வரை மறுபடி செய்தது. ஸ்பேர் பார்ட்ஸுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

நாலு லட்சம் கார் இருக்கும்போது, இப்போது விற்றுவிட்டுப் பிற்பாடு வேறொன்று வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம்தான். அதனால்தான் விற்பதைப் பெரிய துக்கமாக நான் சொல்லவில்லை. ஆனால் சில் உறுதியான முதல் தலைமுறைக் கார் இந்த நாட்டில் வருடா வருடம் குறைகிறது. உங்களுடையது நல்ல நிலையில் இருந்தால், அதே நிலையில் இன்னொன்றைப் பத்து வருடம் கழித்து 4,200-க்கு எதிர்பார்க்க முடியாது. யாரோ அரைகுறையாகச் செய்த வேலைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதில்தான் முதல் இரண்டு வருடம் போகும்.

மனைவி சொன்ன "உங்க இஷ்டம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழாவது எட்டாவது மாதத்தில் இருக்கும் ஒருவருக்கு வீட்டு முன்னால் நிற்கும் சிவப்புக் கார் பிரச்சினையாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் மூன்று மணி நேரம் காணாமல் போவதுதான் பிரச்சினையாக இருக்கும். காரை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்காமல், மாதத்துக்கு ஒரு காலை எனக்கு வேண்டும், அதற்குப் பதிலாக எந்தக் காலை உனக்கு வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உண்மையான பதில். முதல் நான்கைந்து மாதம் ஒரு காலைகூடக் கிடைக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிரசவம் குளிர்காலத்தை ஒட்டி வருகிறது என்றால் சோர்ன் மாதங்களோடு சரியாகப் பொருந்திவிடும்.

குழந்தைகளை இந்தக் காரில் ஏற்ற வேண்டாம். மூத்த பிள்ளை அடம்பிடிக்கும், நீங்களும் ஆசைப்படுவீர்கள். உங்கள் படத்தில் ஸ்டியரிங்கைப் பார்த்தேன், ஏர்பேக் இல்லை. 1993-ல் எழுதிய பாதுகாப்புக் கணக்கு அது. நின்ற காரில் உட்கார வைத்துச் சுவிட்சை அழுத்தி முன் விளக்குகள் எழும்புவதைக் காட்டுங்கள், அது போதும் கொஞ்ச காலத்துக்கு.

இரண்டு சின்ன வேலைகள், வைத்துக்கொள்வதானாலும் விற்பதானாலும் செய்ய வேண்டியவை. நான்காவது படத்தில் முன் டயரின் பக்கவாட்டில் 1813 என்று இருக்கிறது. 2013-ன் 18-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது, நான்கையும் மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப்பில் 2021-லிருந்து சாதாரண பெட்ரோல் இ10 (எத்தனால் அதிகம் கலந்தது) ஆகிவிட்டது, 2000-க்கு முந்தைய மாஸ்டாவுக்கு அது வேண்டாம். சூப்பர் என்று விற்கும் இ5 போடுங்கள்.

இனி லெஸ்டர்காரர். வாக்கு கொடுத்த பிறகு பின்வாங்கலாமா என்று கேட்டீர்கள். விலை பேசி, முன்பணம் வாங்கினால் அது ஒப்பந்தம்தான், எழுத்தில் இல்லாவிட்டாலும். நீங்கள் பின்வாங்கினால் முன்பணத்தைத் திருப்பவேண்டும், அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அவர் கேட்கலாம். கடைகளில் தேடினால் கிடைக்கிற மாடல் என்பதால் "அதே காரைத்தான் கொடுக்கவேண்டும்" என்று நீதிமன்றம் உத்தரவிடுவது பொதுவாக நடக்காது. தகராறு வந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் தகராறு வராமல் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

மெசேஜ் அனுப்பாதீர்கள், போன் பண்ணுங்கள். கியர்பாக்ஸில் சத்தம் வருகிறது, மனைவி ஒத்துக்கொள்ளவில்லை என்று கதை கட்டாதீர்கள். மனசு மாறிவிட்டது, தப்பு என்னுடையது என்று நேராகச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை வந்துபோன செலவு, திரும்ப வர எடுத்த ரயில் டிக்கெட், போட்ட இன்சூரன்ஸ் ஏதாவது இருந்தால் எவ்வளவு என்று நீங்களே கேட்டு, 200-ஐயும் அதையும் சேர்த்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், நியாயமான கோபம். கூடுதல் விலை தருகிறேன் என்றால் யோசிக்கக்கூட வேண்டாம். பிற்காலத்தில் விற்பதானால் முதல் போன் உங்களுக்குத்தான் என்று சொல்லுங்கள், அவர் நம்பரை லாக்புக் (காரின் பதிவுச் சான்று) இருக்கிற ஃபைலில் எழுதி வையுங்கள்.

சில் சரியில்லாமல் விற்பது என்று முடிவானால், பணம் முழுவதும் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு சாவியைக் கொடுங்கள். அவர் முன்னாலேயே டிவிஎல்ஏ தளத்தில் உரிமையாளர் பெயரை மாற்றிவிட்டு வி5சி லாக்புக்கின் பச்சைத் துண்டை அவரிடம் கொடுங்கள். உங்கள் ரோட் டாக்ஸ் அவருக்குப் போகாது, அவர் புதிதாகக் கட்டிய பிறகே ஓட்டவேண்டும். நீங்கள் மாற்றிய பாகங்களின் ரசீதுகளை எல்லாம் ஒரு கவரில் போட்டுக் கூடவே கொடுங்கள், அடுத்தவர் வேலையைத் தொடர அது உதவும். கைவேலை உங்களைவிட்டுப் போகவேண்டியதில்லை. பழைய கார்களில் வெல்டிங்கும் பாடி வேலையும் மாலை வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் உண்டு, உங்கள் பக்கத்தில் எங்கே என்று விசாரியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கச் சில்லையும் டார்ச் அடித்துக் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இடது பக்கத்தில் சோதனைக்காரர் குறித்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு எடுங்கள். மேல்துருவாக இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, உள்ளே மெழுகு தெளிக்கும் வேலை உங்களாலேயே செய்ய முடியும், எப்படி என்று எழுதுகிறேன். மச்சானிடம் சனிக்கிழமையே பேசிவிடுங்கள்.